பயிற்றுநர் சான்றிதழ் தேர்ந்தெடுத்த கதை: காரைக்குடி ஜிம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

காரைக்குடி ஜிம் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக ஃப்ளோர் டிரெய்னராக வேலை பார்த்துவந்த 26 வயது இளைஞர் ஒருவர், தனிநபர் பயிற்றுநர் சான்றிதழுக்கு எந்தப் படிப்பில் பணம் போடுவது என்று முடிவெடுத்த விதத்தை இந்த ஆய்வு விவரிக்கிறது. சிறிய ஊர்களின் ஜிம்களுக்குப் பணியாளர் பயிற்சியில் ஆலோசனை சொல்பவன் என்ற முறையில் உரிமையாளர் என்னை அழைத்தார். அவருடைய பெயர், இளைஞரின் பெயர், வாடிக்கையாளர் வீடுகள் பற்றிய அடையாளங்கள் எதுவும் இங்கே தரப்படவில்லை. சான்றிதழ்களை ஒப்பிட்டு மதிப்பெண் போடும் கட்டுரைகள் நிறையவே உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை விற்பவரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. யாருக்குப் பயிற்சி தரப்போகிறோம் என்பதிலிருந்து தொடங்கினால் அதே ஒப்பீடு வேறு முடிவைத் தரும் என்பதை இந்த ஒரு நிகழ்வு நன்றாகவே காட்டுகிறது.

பின்னணி

கோட்டையூரைச் சேர்ந்த இளைஞர் பி.காம். படித்தவர், கல்லூரிக் காலத்தில் கபடி ஆடியவர், தொழிலை மூத்த பயிற்றுநர்களிடமும் யூடியூபிலும் கற்றுக்கொண்டவர். இந்தியாவில் ஜிம் பயிற்றுநராக வேலை பார்க்க அரசு உரிமம் எதுவும் தேவையில்லை என்பதால், சான்றிதழ் இல்லாமலே அவருடைய பிழைப்பு நடந்துகொண்டிருந்தது. அவரிடம் வருவோர் இரண்டு வகை. காலையிலும் இரவிலும் ஜிம்முக்கு வருபவர்கள் பெரும்பாலும் காவலர் தேர்வுக்கோ ராணுவத்துக்கோ தயாராகும் பையன்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிப்பதும் கயிறு ஏறுவதும்தான் அவர்களுடைய கவலை. இரண்டாவது வகையினர் பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பெரிய வீடுகளில் வேலையாள் துணையுடன் வசிக்கும் முதியவர்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். ஜிம் சம்பளத்தைவிட இந்த வீட்டுப் பயிற்சியில் வரும் பணமே அவருக்கு அதிகம்.

சான்றிதழ்ப் பேச்சு எழுந்ததும் அங்கேதான். முழங்கால் வலியும் சர்க்கரையும் உள்ள 67 வயது ஆச்சி ஒருவருக்கு வீட்டுக்கு வந்து பயிற்சி தர முடியுமா என்று சிங்கப்பூரிலிருக்கும் அவருடைய மகன் வாட்ஸ்அப்பில் கேட்டார். கட்டணம் பேசி முடித்த பிறகு, "தம்பி, நீங்க எந்த சர்ட்டிஃபிகேஷன் முடிச்சிருக்கீங்க? அனுப்புங்க, பார்த்துக்கிறேன்" என்று ஒரு செய்தி வந்தது. "இப்பத்தாண்ணே பண்ணப்போறேன்" என்று இவர் பதில் அனுப்பினார். ஆச்சிக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. "எனக்கு ஒன் சர்ட்டிபிகேட்டு எதுக்குப்பா, குன்றக்குடிப் படிய ஒக்காராம ஏறணும், அம்புட்டுத்தான்" என்றார். இளைஞரின் முடிவைப் பற்றி நான் கேட்ட கருத்துகளில் உருப்படியானது இதுவே என்று இன்றும் நினைக்கிறேன்.

கைக்கு எட்டிய வழிகள்

அவர் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. அவற்றில் ஒன்றை உடனே தள்ள முடிந்தது: காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்கலாம், ஆனால் பி.பி.எட். என்பது பள்ளி உடற்கல்வி ஆசிரியராவதற்கான இரண்டாண்டு முழுநேரப் படிப்பு, வேலையை விட்டுவிட்டு அதில் சேர வீட்டு நிலைமை இடம் தரவில்லை.

இரண்டாவது, உரிமையாளரே முதலில் சொன்ன வழி: மூன்று நாள் இணைய வகுப்பு, "சர்வதேசச் சான்றிதழ், ஆயுள் முழுக்கச் செல்லும், தேர்ச்சிக்கு உத்தரவாதம்" என்ற விளம்பரத்துடன் வந்த ஒரு படிப்பு. நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். இதே அச்சில் பல உள்ளன. அதன் விளம்பரத் தாளில் ஐ.எஸ்.ஓ. 9001 முத்திரை பெரிதாக இருந்தது. ஒரு நிறுவனத்தின் நிர்வாக நடைமுறைகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்பதைச் சொல்லும் தரநிலை அது. சிமென்ட் ஆலைக்கும் வாங்கலாம், துணிக்கடைக்கும் வாங்கலாம். ஆட்களின் திறமையைச் சோதித்துச் சான்று தரும் அமைப்புகளுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 17024 என்று தனித் தரநிலை இருக்கிறது. தாளில் அது இல்லை. தேர்வைக் கண்காணிப்பவர் யார் என்று கேட்டதற்கு, "வீட்லயே எழுதலாம் சார், எல்லாரும் பாஸ்தான்" என்ற பதில் வந்தது. எல்லோரும் தேறும் தேர்வு எழுதியவரைப் பற்றி எதையும் சொல்லாது.

மூன்றாவது, நம் நாட்டின் திறன் சான்றிதழ். 2013-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில், விளையாட்டு, உடற்கல்வி, உடற்தகுதி, ஓய்வுநேரத் துறைக்கான திறன் குழு வகுத்துள்ள உடற்தகுதிப் பயிற்றுநர் தகுதி நான்காம் நிலையில் உள்ளது. ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்கள் முழுப் படிப்பையும் படிக்காமல், முன் அனுபவத்துக்கு அங்கீகாரம் என்ற வழியில் சுருக்கமான அறிமுக வகுப்பும் மதிப்பீடும் முடித்துச் சான்று பெற இதில் இடமுண்டு. எழுத்துத் தேர்வோடு செய்முறையும் வாய்மொழித் தேர்வும் இருப்பதால், ஆங்கிலத்தில் தடுமாறினாலும் கையில் வேலை தெரிந்தவர் தேறிவிடலாம்.

நான்காவது, அமெரிக்க அமைப்புகள் தரும் சான்றிதழ்கள்: அந்த அமைப்புகள் 1954-இல் தொடங்கிய ஏ.சி.எஸ்.எம்., 1978-இன் என்.எஸ்.சி.ஏ., 1985-இன் ஏ.சி.இ., 1987-இன் என்.ஏ.எஸ்.எம். ஆகியவை. இந்த நான்கின் தனிநபர் பயிற்றுநர் சான்றிதழ்களுக்கும் என்.சி.சி.ஏ. என்ற ஆணையத்தின் ஏற்பு உண்டு. ஆனால் அது எதை ஏற்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாடப்புத்தகத்தையோ வகுப்பையோ அந்த ஆணையம் மதிப்பிடுவதில்லை. பயிற்றுநர் வேலை உண்மையில் என்னென்ன செயல்களால் ஆனது என்று ஆராய்ந்து, அந்தச் செயல்களிலிருந்து கேள்விகள் உருவாக்கப்பட்டனவா, தேர்ச்சி மதிப்பெண் நியாயமாக வரையறுக்கப்பட்டதா, தேர்வு கண்காணிக்கப்படுகிறதா என்று தேர்வைத்தான் பார்க்கிறது. தொலைதூரக் கல்வி நிறுவனத்துக்குக் கிடைக்கும் ஏற்பு வேறு. விளம்பரங்களில் இரண்டும் ஒரே வரியில் வந்துவிடும். ஒரே நிறுவனம் கண்காணிக்கப்படும் தேர்வையும், வீட்டில் புத்தகத்தைப் பார்த்தபடி எழுதும் தேர்வையும் அருகருகே விற்பதும் உண்டு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து மலிவானதை வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆச்சியை வைத்துப் பாடத்திட்டத்தைப் படித்தல்

தேர்வில் எதெது கேட்கப்படும் என்ற உள்ளடக்கப் பட்டியலை இந்த அமைப்புகள் இலவசமாகவே வெளியிடுகின்றன. பணம் கட்டுவதற்கு முன்னால் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, பள்ளத்தூர் ஆச்சிக்கு இதில் என்ன இருக்கிறது என்று பார்க்கும்படி இளைஞரிடம் சொன்னேன். ஆச்சியின் முதல் இரண்டு அமர்வுகளுக்கு நானும் உடன் சென்றேன். ஆய்வின் திருப்பம் அங்கே நடந்தது.

முதல் நாள், கால் வலிமையை அளக்க, 30 நொடியில் கையூன்றாமல் எத்தனை முறை உட்கார்ந்து எழ முடிகிறது என்ற சோதனையை இளைஞர் வைத்தார். யூடியூபில் பார்த்துக் கற்றது. முகப்புத் திண்ணையில் உட்கார வைத்து எண்ணினார், 13 வந்தது. வயதுக்கு நல்ல எண்ணிக்கை என்று மகனுக்குச் செய்தியும் அனுப்பப்பார்த்தார். ஆனால் அந்தச் சோதனை ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் உயர இருக்கைக்கு வகுக்கப்பட்டது. அந்த வீட்டுத் திண்ணை அதைவிட ஒரு சாணுக்குக் குறையாமல் உயரம். இருக்கை உயர உயர எழுவது சுலபம். வளவுக்குள் சமையல்கட்டுப் பக்கம் கிடந்த நாற்காலியைக் கொண்டுவந்து, ஆத்தங்குடிக் கல் தரையில் வழுக்காதபடி அதைச் சுவரோரம் அண்டக் கொடுத்துச் சிறிது ஓய்வுக்குப் பின் மறுபடி எண்ணியபோது 9 தான் வந்தது. 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11-க்குக் கீழே இறங்கினால் விழும் அபாயத்தைக் கவனிக்க வேண்டும் என்பது வழக்கத்திலுள்ள அளவுகோல். திண்ணையில் எண்ணியதோடு விட்டிருந்தால் ஆச்சி நலமாக இருக்கிறார் என்றே எழுதியிருப்பார்கள்.

இரண்டாவது அமர்வு காலை 6 மணிக்கு. ஆச்சி குளித்து, சாமி கும்பிட்டு, காப்பி குடித்து, மாத்திரையும் போட்டிருந்தார். பலகாரம் 8 மணிக்குத்தான். அவர் எடுத்துக்கொண்டிருந்தது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் உடற்பயிற்சி செய்தால், தசைகளும் சர்க்கரையை இழுத்துக்கொள்வதால், ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே சரிந்துவிடலாம். அன்று வீட்டிலிருந்த கருவியில் பார்த்தபோது 84 இருந்தது. சாப்பிடாத நிலையில் அது இன்னும் இறங்கலாம் என்பதால் பயிற்சியைத் தொடங்கவில்லை. மாத்திரையை மாற்றவோ நேரம் சொல்லவோ பயிற்றுநருக்கு அதிகாரமில்லை. ஆச்சியின் மருத்துவரிடம் மகன் பேசி, சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துப் பயிற்சி என்று ஏற்பாடானது.

அன்று மாலை இளைஞரிடம் நானே எழுதிய ஒரு கேள்வியைக் கொடுத்தேன்: சர்க்கரை மாத்திரை எடுக்கும் பெண்ணுக்குப் பயிற்சி நடுவே கை நடுங்கி வியர்த்துக் கொட்டுகிறது, முதலில் செய்ய வேண்டியது எது? "உக்கார வச்சு தண்ணி குடுத்து மின்விசிறியப் போடுவேன்" என்றார். நிறுத்தி, சர்க்கரை அளவைப் பார்த்து, உடனே ரத்தத்தில் ஏறும் சர்க்கரை 15 கிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும் என்பது விடை; கருவி இல்லையென்றால் அளப்பதற்காகக் காத்திருக்கவும் கூடாது. தசைகளின் பெயர்களையும் அவை எங்கே தொடங்கி எங்கே இணைகின்றன என்பதையும் தடையில்லாமல் சொல்லும் பையன் இந்த இடத்தில் திணறினார். எந்தச் சான்றிதழ் என்ற கேள்வி அதோடு குறுகிவிட்டது. உடற்கூறு இவருக்குக் கூடுதலாகத் தேவையில்லை. பயிற்சிக்கு முன் பரிசோதனைக் கேள்விகள், நாள்பட்ட நோய் உள்ளவரைக் கையாளுதல், மருத்துவரிடம் எப்போது அனுப்புவது, தன் எல்லை எது என்பவைதான் தேவை.

இந்தக் கண்ணோட்டத்தில் பட்டியல்களைப் பார்த்தபோது வேறுபாடு தெரிந்தது. என்.ஏ.எஸ்.எம். முழுவதும் ஐந்து கட்டங்களாலான ஒரு பயிற்சி மாதிரியைச் சுற்றி அமைந்தது. நிலைப்புத்தன்மையில் தொடங்கி அதிகபட்ச வலிமை, வெடிவேகம் வரை படிப்படியாக ஏறும். உடல் அசைவில் உள்ள கோணலைக் கண்டுபிடிக்கும் பகுதி அதில் சிறப்பு. காவலர் தேர்வுப் பையன்களுக்கு இது பொருந்தும். ஏ.சி.இ.யின் தேர்வு நான்கு பகுதிகளாகப் பிரிந்துள்ளது: நேர்காணலும் மதிப்பீடும், திட்டம் வகுத்து நடத்துதல், திட்டத்தை மாற்றி முன்னேற்றுதல், தொழில் நெறியும் பாதுகாப்பும். ஆளிடம் பேசிப் பழக்கத்தை மாற்றுவதற்கு அதில் இடம் அதிகம். ஏ.சி.எஸ்.எம். மருத்துவப் பக்கத்துக்கு மிக நெருக்கமானது. ஆச்சிக்கு அதுவே மிகவும் பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் அதன் நடையும் ஆங்கிலமும் தமிழ்வழியில் படித்த இந்த இளைஞருக்கு முதல் சான்றிதழாகக் கடினம் என்று இருவருமே உணர்ந்தோம். என்.எஸ்.சி.ஏ. விளையாட்டு வீரர்களுக்கான வலிமைப் பயிற்சியில் பெயர் பெற்றது. காரைக்குடியில் அதற்கு வேலை குறைவு.

மொழிச் சிக்கலைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏ.சி.இ. தேர்வில் 3 மணி நேரத்தில் 150 கேள்விகள், அவற்றில் 125-க்குத்தான் மதிப்பெண். 800-க்கு 500 அளவீட்டு மதிப்பெண் பெற வேண்டும். என்.ஏ.எஸ்.எம். தேர்வில் 2 மணி நேரத்தில் 120 கேள்விகள். இரண்டிலும் கேள்விக்கு ஒரு நிமிடமோ சற்று மேலோதான். பல கேள்விகளில் நான்கு விடைகளுமே சரிபோலத் தெரியும். இந்த ஆளுக்கு இந்த நேரத்தில் மிகப் பொருத்தமானது எது என்று கேட்பார்கள். கேள்வியை ஒருமுறை படித்துப் புரிந்துகொள்ளும் வேகம் இல்லாதவர் விஷயம் தெரிந்தும் தோற்பார். மறுதேர்வுக்குத் தனிக் கட்டணம் வேறு.

பணக் கணக்கு

சேரும்போது கட்டும் தொகையை மட்டும் பார்த்தால் கணக்கு தவறும். இந்த நிறுவனங்கள் ஆண்டு முழுக்க ஏதாவது தள்ளுபடி அறிவித்துக்கொண்டே இருப்பதால், பட்டியல் விலையை யாரும் நம்ப வேண்டாம். கவனிக்க வேண்டியது அதற்குப் பின் வருவது. ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். இரண்டும் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும், 20 மணி நேரத் தொடர்கல்வி காட்ட வேண்டும், இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் சி.பி.ஆர்., இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியான ஏ.இ.டி. ஆகியவற்றுக்கான சான்று நடப்பில் இருக்க வேண்டும். புதுப்பிப்புக் கட்டணம் 100 டாலரைச் சுற்றியும் அதற்குச் சற்று மேலேயும் இருக்கிறது. டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலே அது 8,500 ரூபாய், தொடர்கல்விச் செலவு தனி. வீட்டுப் பயிற்சிக்கு மாதம் 12 அமர்வுகளுக்கு 6,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு இது தாங்கக்கூடியதே. ஜிம் சம்பளம் மட்டும் வாங்குபவருக்கு இரண்டாவது புதுப்பிப்பிலேயே சான்றிதழ் காலாவதியாகிவிடும் என்பதுதான் நடைமுறை.

சார்ஜாவில் ஜிம் வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர் அங்கே வரச் சொல்லியிருந்ததால், வெளிநாட்டுச் சான்றிதழே வேண்டும் என்ற ஆசையும் இளைஞருக்கு இருந்தது. அந்த ஆசை தவறில்லை. ஆனால் போகும் ஊரில் வேலைக்கு எடுப்பவர் எதை ஏற்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அந்தச் செலவு என்று பிடிவாதமாகச் சொன்னேன். நண்பரிடம் கேட்டதில், தன் மேலாளர் என்ன கேட்பார் என்று அவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை.

உரிமையாளரின் நிபந்தனை வேறு வகைச் சிக்கல். கட்டணத்தில் பாதியைத் தான் கொடுப்பதாகவும், அதற்கு ஈடாக 2 ஆண்டு வேறெங்கும் போகக் கூடாது, அசல் சான்றிதழை ஜிம்மில் மாட்டி வைக்க வேண்டும் என்றும் கேட்டார். பணம் போடுபவர் பாதுகாப்புத் தேடுவது இயல்பு. ஆனால் சான்றிதழ் எழுதியவர் பெயரில் வருவது, அசலை அடகுபோல வைத்துக்கொள்ள முடியாது. பேச்சு ஒரு வாரம் இழுத்தது. முடிவில், ஓராண்டுக்குள் விலகினால் மீதி மாதங்களுக்கு ஏற்ற தொகையைத் திருப்பித் தருவது, சுவரில் நகல் மட்டும் மாட்டுவது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள்.

எடுத்த முடிவு

இளைஞர் ஒரே சான்றிதழைத் தேர்ந்தெடுக்கவில்லை, வரிசையைத் தேர்ந்தெடுத்தார். முதலில் முன் அனுபவ அங்கீகார வழியில் நான்காம் நிலைத் திறன் சான்றிதழ். அதோடு மதுரையில் ஒரு நாள் சி.பி.ஆர். வகுப்பு, பிறகு, ஆங்கில வாசிப்பை ஆறு மாதம் வளர்த்துக்கொண்டு, ஏ.சி.இ. தேர்வு. என்.ஏ.எஸ்.எம். பெயருக்கு நம் ஜிம்களில் மதிப்பு கூடுதல் என்று உரிமையாளர் வருத்தப்பட்டார். அவர் சொன்னது சந்தை நிலவரப்படி பொய்யில்லை. ஆனால் இளைஞருக்குச் சோறு போடுவது வீட்டுப் பயிற்சி.

மூன்றில் அதிகம் பயன்பட்டது சி.பி.ஆர். வகுப்பு என்றே சொல்வேன். இணையத்தில் வீடியோ பார்த்து வாங்கும் சி.பி.ஆர். சான்றுகள் மலிவாகக் கிடைக்கின்றன. பொம்மையின் நெஞ்சில் கைவைத்து அழுத்திக் காட்டாத சான்றை ஏ.சி.இ. ஏற்பதில்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம் என்பது காதில் விழும்போது சாதாரணம். இரண்டு நிமிடம் விடாமல் அழுத்தியபோது, தினமும் எடை தூக்கும் தனக்கே கை சோர்ந்துபோனதாகச் சொன்னார். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற கணக்கும் அந்தச் சோர்விலேதான் மனத்தில் பதிந்ததாம்.

திறன் சான்றிதழின் குறையையும் சொல்லியாக வேண்டும். செய்முறை மதிப்பீடு நேர்மையாக நடந்தது. ஆனால் நீரிழிவு, ரத்த அழுத்தம் உள்ளவர்களைப் பற்றி மேலோட்டமாகவே கேட்டார்கள். அந்த இடைவெளியை நிரப்ப ஏ.சி.இ. புத்தகத்தில் அந்த அத்தியாயங்களை மட்டும் முதலில் படிக்க வைத்தேன். சிங்கப்பூர் மகனுக்கு இந்தச் சான்றிதழின் பெயர் தெரியவில்லை. அதிலுள்ள க்யூஆர் குறியீட்டைத் தட்டிப் பார்த்துச் சரிபார்த்த பிறகு, "சரி தம்பி, அம்மா சுகரப் பாத்துட்டுத்தான் ஆரம்பிக்கிறீங்கன்னு சொன்னாங்க, அது போதும்" என்று எழுதினார்.

ஏ.சி.இ. தேர்வு இன்னும் பாக்கி. தடையாக நின்றது பாடம் அல்ல, இனிஷியல். தேர்வுக்குப் பதிவு செய்யும் இணையக் கணக்கில் அவர் தன் பெயரோடு ஒற்றை எழுத்தைப் போட்டிருக்க, அடையாள அட்டையில் அப்பா பெயர் முழுமையாக இருந்தது. தேர்வன்று காட்டும் அடையாள ஆவணமும் பதிவு செய்த பெயரும் ஒத்துப்போகவில்லையென்றால் உட்கார விடமாட்டார்கள், கட்டிய பணமும் போய்விடும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார், அது வந்ததும் அதிலுள்ளபடி கணக்கின் பெயரைத் திருத்திவிட்டுத் தேதி போடுவதாக ஏற்பாடு. உரிமையாளர் தன் பங்குப் பணத்தைத் தயாராக வைத்திருக்கிறார். 2 ஆண்டு கழித்து வரும் புதுப்பிப்புக் கட்டணம் யாருடையது என்பது மட்டும் அந்தத் தாளில் எழுதப்படவில்லை. தேதி முடிவாகும்போது அதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று இருவரிடமும் சொல்லியிருக்கிறேன்.